நாலு பொம்மையும் ஒரு சவப்பெட்டியும்

“நீர் ஆற்றை பிள்ளை?”

சின்ன வயசில கூட்டாளி வீட்டு வாசலில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் எங்களில் குறைவு. பதிலைச் சொன்னதும் சில வீடுகளில் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார்கள். சில வீடுகளில் தண்ணி முற்றத்துக்கே வரும். சாதி என்ற சொல்லை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற கூட்டாளி எல்லாத்தையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அவன் அங்க என்னத்தைப் படிச்சிருப்பான்? இந்தக் கேள்வியோடுதான் அமெரிக்க வரலாற்றின் இரண்டு பக்கங்களைத் திருப்பிப் பார்க்கிறோம்.

1940களின் தொடக்கம். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இருவரும் கறுப்பின உளவியலாளர்கள், கணவனும் மனைவியும். நாலு பொம்மைகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் போனார்கள். இரண்டு மண்ணிறம், இரண்டு வெள்ளை. தோலும் தலைமயிரின் நிறமும்தான் வேறு. மற்றபடி நாலும் ஒண்டுதான். 3 முதல் 7 வயது வரையான 253 கறுப்பினப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: எந்தப் பொம்மையோடு விளையாட விருப்பம்? எது நல்லது? எது கூடாதது? கடைசியாக, எது உன்னைப் போல இருக்கு?

மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் மண்ணிறப் பொம்மையைக் கூடாதது என்றார்கள். அதே பொம்மையை ‘என்னைப் போல’ என்று காட்ட வேண்டி வந்தபோது சிலர் அழுதுகொண்டு அறையை விட்டே ஓடினார்கள்.

1954 மே 17 அன்று, பாடசாலைகளில் இனப் பிரிப்பு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் அடிக்குறிப்பு ஒன்றில் கிளார்க்கின் எழுத்தும் இடம்பெற்றது. பலரும் கதையை இதோட முடிச்சுவிடுவார்கள். ஆனால் அந்த ஆய்வுக்குள் இன்னொரு விஷயம் கிடக்கிறது. பிரித்து வைத்த தென்மாநிலப் பாடசாலைகளில் மண்ணிறப் பொம்மையைக் கூடாதது என்ற பிள்ளைகள் 49 வீதம். வெள்ளைப் பிள்ளைகளோடு கலந்து படித்த வடக்கில் 71 வீதம்!

அப்ப பிரித்து வைப்பதுதான் நல்லதா? இல்லை. ஒரே வாங்கில் இருத்துவது தொடக்கம் மட்டும்தான். வகுப்புக்கு வெளியே கடை, தெரு, படம், பெரியவர்களின் முகம் எல்லாம் பாடம் நடத்திக்கொண்டே இருக்கின்றன.

அடுத்த பக்கம், 1960 நவம்பர் 14, நியூ ஓர்லியன்ஸ். ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், வெள்ளையர் மட்டுமே படித்த பாடசாலைக்குக் காவல் அதிகாரிகளோடு போகிறாள். வாசலில் கத்திய சனத்தைப் பார்த்து, ஊரின் மார்டி கிரா திருவிழா என்றே முதலில் நினைத்தாளாம். அந்த நாட்களில் ஒரு பெண் கறுப்புப் பொம்மையொன்றைச் சின்னச் சவப்பெட்டிக்குள் வைத்துத் தூக்கிக் காட்டினாள். வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை மறித்துவிட்டார்கள். அந்த வருஷம் வகுப்பில் ரூபியும் ஆசிரியை பார்பரா ஹென்றியும் மட்டும்தான்.

மாதங்கள் கழித்து ஒரு வெள்ளைப் பையனைச் சந்திக்கிறாள். அவள் கறுப்பு என்பதால் அவளோடு விளையாடக்கூடாதென்று அம்மா சொல்லிவிட்டா என்கிறான் அவன். நடந்ததெல்லாம் தன் நிறத்தால்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கத்திய சனத்தால் விளங்கப்படுத்த முடியாததை ஒரு சின்னப் பிள்ளை விளங்கப்படுத்திவிட்டது. ஆனால் ரூபிக்கு அவனில் கோபமில்லை. தன் அம்மா அப்படிச் சொல்லியிருந்தால் தானும் கேட்டிருப்பேன் என்று பிறகு சொல்லியிருக்கிறார்.

எங்களை உறுத்துவது இதுதான். அந்தப் பையன் கெட்டவனில்லை. அம்மா சொல்லைக் கேட்ட நல்ல பிள்ளை. முற்றத்தில் தண்ணி குடித்த கூட்டாளியைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நல்ல பிள்ளைதான்.

நாளைக்கு நாங்களும் ஒரு வீட்டுக்குப் பெரியாக்கள். எங்கட வாசலுக்கும் ஒரு பிள்ளை விளையாட வரும். அப்ப பேரை மட்டும் கேட்டிட்டு உள்ள விடுவமா?