லண்டன் ரயிலுக்காகப் பிறந்த எழுத்து

லண்டன் சுரங்க ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலச் சின்ன ‘ஐ’ எழுத்தைப் பாருங்கள். அதன் மேலுள்ள புள்ளி வட்டமாக இருக்காது. சதுரத்தைத் திருப்பி மூலையில் நிறுத்தியதுபோல் இருக்கும். நூறாண்டைக் கடந்தும் புழக்கத்தில் இருக்கும் அந்த எழுத்துரு ஒரு பேனாவிலிருந்து பிறந்தது என்பதற்கு அந்தப் புள்ளியே சாட்சி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ரயில் நிலையங்களின் சுவரெல்லாம் விளம்பரங்கள். வண்டி நிற்கும் சில நொடிகளுக்குள் நிலையத்தின் பெயரைத் தேடிப் பிடிப்பதே பயணிகளுக்குப் பெரும்பாடு. 1906-ல் அந்தச் சுரங்க ரயில்களை நடத்திய அண்டர்கிரவுண்ட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த ஃபிராங்க் பிக், இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதைத் தன் கடமையாகவே எடுத்துக்கொண்டார். விளம்பரங்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார். 1908-ல் பெயர்ப்பலகைக்குப் பின்னால் சிவப்பு வட்டு வந்தது. எழுத்து மட்டும் ஒழுங்குக்கு வரவில்லை. பலகைக்குப் பலகை அது மாறியது.

எழுத்தின் நுனிகளில் சிறு கோடுகள் இல்லாத ‘சான்ஸ் செரிஃப்’ அச்செழுத்து அப்போது புதிதல்ல. நான்காம் வில்லியம் காஸ்லன் 1816-லேயே அதை வார்த்துவிட்டார். ஆனால் அச்சகங்கள் அந்த வகையைத் தடிக்க வைத்து, நெருக்கி, விளம்பரத் தலைப்புகளுக்கே பயன்படுத்தின. பிக் கேட்டது வேறு. ஒவ்வொரு எழுத்தும் இன்னொன்றோடு குழம்பாமல் தெரிய வேண்டும். பழைய நல்லெழுத்துகளின் எளிமை இருக்க வேண்டும். பார்த்ததும் இது புதிய நூற்றாண்டின் எழுத்து என்றும் தோன்ற வேண்டும்.

இதற்காக 1913-ல் அவர் சந்தித்த எட்வர்ட் ஜான்ஸ்டன், எழுத்து வார்க்கும் தொழிலைச் சேர்ந்தவரே அல்லர். 1872-ல் உருகுவேயில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லண்டன் வந்தவர். பிரிட்டிஷ் மியூசியத்தில் இடைக்காலத் தோல் ஏடுகளை ஊன்றிப் படித்தார். தட்டையாக முனை வெட்டிய நாணல் பேனாவையும் இறகுப் பேனாவையும் எந்தக் கோணத்தில் பிடிக்கிறோமோ, அதுவே கோட்டின் தடிப்பையும் மெலிவையும் தீர்மானிக்கிறது என்று எழுதி எழுதியே கண்டுகொண்டார். ஏறக்குறைய மறந்துபோயிருந்த ஒரு கலை அவர் கையில் மீண்டது. 1899 முதல் அதை மாணவர்களுக்குக் கற்பித்தார். 1906-ல் புத்தகமாகவும் எழுதினார்.

தடிப்பும் மெலிவுமே வாழ்க்கையாக இருந்த அந்த மனிதர், ரயில் எழுத்துக்காக அந்த இரண்டையும் துறந்தார். ஓடும் வண்டியிலிருந்து படிக்கும் கண்ணுக்கு நுணுக்கம் உதவாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் கோடு எங்கும் ஏறத்தாழ ஒரே தடிப்பு. எழுத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. பெரிய எழுத்துகளின் அகலத்தையும் அமைப்பையும் பண்டைய ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்தார். ‘ஓ’ முழு வட்டமானது. சின்ன ‘எல்’ எழுத்தைப் பெரிய ‘ஐ’ என்று யாரும் மயங்கிவிடாதபடி அதன் அடியை வளைத்து வால் வைத்தார். தட்டைமுனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்துத் தாளில் ஒருமுறை ஒற்றினால் என்ன தடம் விழுமோ, அதையே ‘ஐ’க்குப் புள்ளியாக வைத்தார்.

1916-ல் எழுத்து தயாரானது. அது அப்போது அண்டர்கிரவுண்டுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வேறெவராலும் அதை விலைக்கு வாங்க முடியவில்லை. சிவப்பு வட்டை வளையமாக்கி, குறுக்கே நீலப் பட்டை ஓடும் இன்றைய சின்னத்தைச் செம்மைப்படுத்தியவரும் ஜான்ஸ்டன்தான்.

எழுத்து அப்போது விற்பனைக்கு வராவிட்டாலும் அவர் கற்றுக்கொடுத்தது பரவியது. அவருடைய மாணவர் எரிக் கில் வடிவமைத்து 1928-ல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ‘கில் சான்ஸ்’, பிரிட்டன் முழுவதும் புழங்கியது. ஜான்ஸ்டனின் புத்தகத்தை அன்னா சைமன்ஸ் 1910-ல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இளம் வயதில் அதைப் படித்துக் கையெழுத்துக் கலை பயின்றவர்களில் யான் சிஹோல்டும் ஒருவர். ‘புதிய அச்சுக்கலை’ என்று 1928-ல் நூல் எழுதி ஐரோப்பிய வடிவமைப்பையே திருப்பிப்போட்டவர் அவர். நவீன வடிவமைப்பு என்றால் பழையதை உதறிவிட்டு வருவது என்ற எண்ணம் இன்றும் பலருக்கு உண்டு. ஆனால் அந்த வடிவமைப்பின் முன்னோடிகளில் சிலர் பழைய ஏடுகளிடம் கற்றவர்கள் என்பதை இந்த வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

மரத்திலும் ஈயத்திலும் இருந்த ஜான்ஸ்டன் எழுத்தை, 1979-ல் ஜப்பானியரான எய்ச்சி கோனோ புதிய அச்சுமுறைகளுக்கு ஏற்பத் திருத்தி வரைந்தார். 2016-ல் நூற்றாண்டுப் பதிப்பு வந்தபோது, இணையத்துக்குத் தேவையான ஹேஷ்டேக் குறியும் அதில் சேர்ந்துகொண்டது.

எழுத்துரு வடிவமைக்க ஆசைப்படும் இளைஞர்கள் கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தட்டைமுனைப் பேனாவை வாங்கி, தங்கள் மொழியின் பழைய கையெழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழக வேண்டும். ஜான்ஸ்டன் தொடங்கியது அங்கேதான்.