கடிதத்தைத் தானே வாசித்த மனைவி

சோளகம் வீசத் தொடங்கினால் உடப்புக் கடல் கொந்தளிக்கும். நமது கரைவலைத் தொழிலாளர் கிழக்குக் கரைக்குச் சென்று, முல்லைத்தீவு போன்ற இடங்களில் வாடி அமைத்துத் தங்குவர். மாதக்கணக்கில் கணவரைப் பிரிந்திருப்பது நமது ஊர்ப் பெண்களுக்குப் பழகிப்போன வாழ்க்கை. அங்கிருந்து வரும் கடிதத்தை எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, நமது பாட்டிமார் பக்கத்தில் இருந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. பிறர் வாயால் வாசிக்கப்படும் கடிதத்தில் கணவர் மனதைத் திறந்து எழுத முடியுமா? நலம், நலமறிய ஆவல், பணம் கிடைத்ததா என்பதோடு அது முடிந்துவிடும்.

கல்வி இந்த நிலையை எவ்வாறு மாற்றும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் குடும்பம் ஒன்று நல்ல சான்று. மகாகவி இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்தியேந்திரநாத். 1859இல் தந்தை தேவேந்திரநாத்துடன் இலங்கைக்கும் வந்து சென்றவர். 1862இல் இந்திய சிவில் சேவைப் பரீட்சைக்காக இங்கிலாந்து சென்றார். 1850இல் பிறந்து சிறுவயதிலேயே அவருக்கு மணமுடிக்கப்பட்ட ஞானதானந்தினி, கல்கத்தா வீட்டின் அந்தப்புரத்தில் இருந்தார்.

சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது. இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்குச் சென்ற தபால்கப்பல்கள் நமது காலித் துறைமுகத்தைத் தொட்டே சென்றன. கணவர் தமது கடிதங்களில் வெறும் சுகம் விசாரிக்கவில்லை. நமது திருமணம் பெரியோர் செய்து வைத்தது. நீ கற்று, வளர்ந்து, சுயமாகச் சிந்திக்க வேண்டும் என்ற கருத்தை எழுதினார். மனைவியை இங்கிலாந்துக்கு வரும்படியும் அழைத்தார். வீட்டுப் பெண்களுக்கு மைத்துனர் ஹேமேந்திரநாத் கற்பித்து வந்தமையால் ஞானதானந்தினி எழுத்தறிந்திருந்தார்.

ஆயினும் தந்தை தேவேந்திரநாத் அப்பயணத்திற்கு இணங்கவில்லை. கணவரின் விருப்பம் மட்டும் அந்தப்புரக் கதவைத் திறக்கப் போதவில்லை. முதல் இந்திய சிவில் சேவை அதிகாரியாக 1864இல் திரும்பிய சத்தியேந்திரநாத், பின்னரே மனைவியைப் பம்பாய்க்கு அழைத்துச் சென்றார். 1877இல் ஞானதானந்தினி, கணவர் துணையின்றியே பிள்ளைகளுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1885இல் 'பாலக்' என்னும் சிறுவர் இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். கணவர் எழுதிய கடிதங்களை அவர் பேணி வைத்திருந்தார். அவற்றை மகள் இந்திரா தேவி பின்னாளில் நூலாக்கினார்.

செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு மைத்துனர் வாயிலாகக் கிடைத்த எழுத்து, நமக்குப் பாடசாலை வாயிலாகக் கிடைத்தது. தந்தையரின் கடிதங்களைத் தாய்மாருக்கு வாசித்துக் காட்டிய சிறுமியர் நம்மிடையே பலர். பின்னர் நமக்கு வந்த கடிதங்களை நாமே வாசித்தோம். பதிலும் நமது கையாலேயே எழுதினோம். இன்று வெளிநாட்டிலிருக்கும் கணவருடன் கைத்தொலைபேசியில் நாளாந்தம் பேசுகிறோம். பேச்சு காற்றோடு போகும், எழுத்து நிற்கும்.

எனவே சகோதரிகளே, வாடியிலிருந்து வந்த பழைய கடிதங்கள் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தால், கறையான் அரிக்குமுன் எடுத்துப் பேணுங்கள். நமது ஊரின் வரலாறு அவற்றிலும் இருக்கிறது.