ஆழித்தேருக்கு யார் வீல் அலைன்மென்ட் பார்ப்பது?

அண்ணன் காருக்கு முன் டயர் இரண்டும் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தன. ஸ்போர்ட்டியாக இருக்கட்டும் என்று காரைத் தாழ்த்தியதன் பலன்! அலைன்மென்ட் கடையில் டை ராடைக் கொஞ்சம் திருகினார்கள், கார் நேராக ஓடியது. "டை ராடே இல்லாத வண்டியை எப்படிடா நேரா ஓட்டுவீங்க?" என்றார் அப்பா. அவர் திருவாரூர்க்காரர். எந்த வண்டி என்று புரிந்துவிட்டது :-)

தியாகராஜர் கோயில் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன். ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிப்பவர்களால் இழுக்கத்தான் முடியும். திருப்புவது முட்டுக்கட்டை, அதாவது புளியமரத்தில் ஆப்பு போல் செதுக்கிய கட்டை. இடப்பக்கம் போக வேண்டுமா? இடச்சக்கரத்துக்கு முன்னால் கட்டை விழும். அந்தச் சக்கரம் தயங்கும், வலச்சக்கரம் முந்தும், தேர் திரும்பும். சாய்த்துப் போட்டால் சக்கரம் கட்டையில் உரசி வழுக்கி விலகும். கட்டை தேய்ந்து புகையும். போடுகிறவரோ உருளும் சக்கரத்துக்கு எதிரே, பின்னால் நடந்தபடியே... கை ஒரு நொடி தாமதித்தால் போச்சு.

நாமோ காரியத்தைக் கெடுப்பவனைத்தான் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று திட்டுகிறோம். தேரோட்டம் பார்த்தவர் அப்படிச் சொல்வாரா?

பழைய தேர் 1920களில் தீயில் எரிந்துபோனது. 1930ல் புதுத்தேர் ஓடியது. 1948க்குப் பின் அதுவும் நின்றுவிட்டது. மீண்டும் ஓடியது 1970ல். ஓட வைத்தவர் அந்த ஊரிலேயே படித்த முதல்வர் கருணாநிதி (கடவுள் மறுப்பாளர்!). திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் செய்து கொடுத்தது, ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. இப்போது பின்னாலிருந்து தள்ள புல்டோசர்கள் வேறு.

இவ்வளவு வந்தும் முட்டுக்கட்டை போகவில்லை. பிரேக் தேரை நிறுத்தும், ஆனால் திருப்பாது. வீதி முனைகளில் இரும்புத் தகடு பரப்பி, வழுக்குவதற்கு எண்ணெய்ப்பசை தடவி, அங்குலம் அங்குலமாகத் திருப்புகிறார்கள்.

திருப்பம்தான் எப்போதும் ஆபத்து. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேட்டில் 2022 ஏப்ரலில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்களே, அதுவும் தேர் திரும்பும் இடத்தில்தான்.

அப்பா தேரோட்டத்தில் சாமியைக்கூட அப்புறம்தான் பார்ப்பார். முதலில் முன்சக்கரம் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, கட்டை விழுவதைக் கவனிப்பார்.