விட மறுக்கும் பிரேக்

பிரேக் பிடிக்காமல் போன கதைகள் உலகத்தில் ஏராளம். மலைச் சரிவில் உருண்ட லாரி, ரயில்வே கேட்டில் நிற்காமல் ஓடிய பஸ் என்று கதாசிரியர்களாகிய நாங்களும் அதை வைத்துப் பல தடவை பிழைத்திருக்கிறோம். ஆனால் பிடித்த பிரேக் விடாமல் போனதைப் பற்றி யாரும் கதை எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நகர மறுக்கிற வண்டியில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது என்ற எண்ணந்தான் காரணம். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இங்கிலாந்தில் 1950-களிலும் 1960-களிலும் செய்த எம்.ஜி., டிரையம்ப், ஜாகுவார் முதலிய ஸ்போர்ட்ஸ் கார்களை இன்றைக்கும் சிலர் பெற்ற பிள்ளையைப் போலப் பராமரித்து ஓட்டுகிறார்கள். அந்தக் கார்களுக்கு வருகிற ஒரு விசித்திரமான வியாதி இது. புறப்படும்போது வண்டி நன்றாகத்தான் ஓடும். பத்து மைல் போனதும், யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் களைத்துப்போகும். பிரேக் பெடலில் கால் வைத்தால் வழக்கத்தைவிட உயரத்தில், கல்லைப் போலக் கெட்டியாக நிற்கும். பிறகு ஒரு தீய்ந்த நாற்றம். இறங்கிச் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கும். ஓரமாக நிறுத்தி, அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் சக்கரம் இலகுவாகச் சுற்றும். டாக்டர் வந்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தையைப் போல, மெக்கானிக் வருவதற்குள் வண்டி குணமாகி நிற்கும்!

இந்த வியாதி எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். 1902-ம் ஆண்டில் பிரான்ஸில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். லாஞ்செஸ்டர் தகட்டின்மேல் செம்பை அழுத்தினார்; அது போட்ட கூச்சலைச் சகிக்க முடியவில்லை. டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் அழுத்தி வேகத்தைக் குறைப்பதைக் கண்டார் என்றும், அதிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது என்றும் சொல்வார்கள். அவர் ஆரம்பித்ததுதான் ஃபெரோடோ கம்பெனி. பின்னால் அவர் உபயோகித்த ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு யமன் என்பது இன்று தெரிந்த சங்கதி. ஆகையால் பழைய காரின் பிரேக்கில் படிந்த தூசியை வாயால் ஊதுகிற வழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விட்டுவிடட்டும்.

அந்தக் காலத்துப் பிரேக்குகளை இரும்புக் கம்பிதான் இழுத்தது. காலை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுத்துவிடும். துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டாலும் எங்கே சிக்கியது என்று கண்ணால் பார்த்துவிடலாம். கம்பிக்குப் பதிலாகக் குழாயில் திரவத்தை வைத்தவர் அமெரிக்காவில் மால்கம் லாஹீட். தம் பெயரை ஜனங்கள் வாய்க்கு வந்தபடி உச்சரித்ததைப் பொறுக்க முடியாமல் அந்தக் குடும்பம் எழுத்துக்களையே மாற்றிக்கொண்டது. அப்படிப் பிறந்ததுதான் லாக்ஹீட் என்ற பெயர். 1921-ம் ஆண்டில் பிரான்ஸில் லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், நான்கு சக்கரங்களுக்கும் திரவப் பிரேக் வைத்த டூசன்பெர்க் காரை ஓட்டி ஜிம்மி மர்ஃபி என்ற அமெரிக்கர் ஜயித்தார். ஐரோப்பா மூக்கில் விரலை வைத்தது. எட்டோர் புகாட்டி மட்டும் மசியவில்லை. 1938 வாக்கில்தான் அவருடைய கம்பெனி கம்பியைக் கைவிட்டது. பெரிய கலைஞர்களின் பிடிவாதம் அப்படி.

ஆரம்பத்தில் லாஹீட் வைத்த தோல் அடைப்புகள் ஒழுகின. கிரைஸ்லர் கம்பெனியின் இஞ்சினீயர்கள் ரப்பர்க் கிண்ணத்தை வைத்து அந்த ஒழுக்கை நிறுத்தினார்கள். ஒழுக்கு நின்றதும் வேறொரு கேள்வி எழுந்தது. பிரேக் போடப் போடத் திரவம் சூடேறும், சூடேறினால் விரியும். ஒழுகவும் வழியில்லாமல் அது எங்கே போகும்?

பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் தையல் ஊசியின் முனை நுழைகிற அளவு ஒரு துவாரம் வைத்தார்கள். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுவதும் பின்வாங்கி அந்தத் துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். விரிந்த திரவம் அதன் வழியே மேலே தொட்டிக்குப் போய்விடும். பிஸ்டன் ஒரு நூல் முன்னே நின்றாலும் போதும், ரப்பர்க் கிண்ணம் துவாரத்தை மூடிக்கொள்ளும். விரிந்த திரவம் தானே பிரேக்கை அழுத்தும். அதனால் சூடு ஏறும். சூட்டினால் இன்னும் விரியும். கடன்காரனுக்கு வட்டி ஏறுவதுபோலத்தான்.

இப்போது ஜாகுவாருக்கு வருவோம். டிரம் சூடேறினால் விரிந்து பிடிப்பை இழக்கும். ஆகவே டன்லப் கம்பெனியின் டிஸ்க் பிரேக்கை வைத்துக்கொண்டு, 1952-ல் ஸ்டர்லிங் மாஸ் ஃபிரான்ஸில் ரைம்ஸ் பந்தயத்தில் வென்றார். அடுத்த வருஷம் லெ மானில் ரோல்ட்டும் ஹாமில்டனும் 24 மணி நேரம் ஓட்டி, அந்தப் பந்தயத்தில் முதல் தடவையாகச் சராசரி வேகத்தை மணிக்கு 100 மைலுக்கு மேல் கொண்டுபோனார்கள். நீண்ட நேர்ப்பாதையின் கோடியில் மற்றவர்கள் காலைத் தூக்கிய பிறகும் இவர்கள் ஓட்டிக்கொண்டிருக்க முடிந்தது. 1956-ல் டிரையம்ப் டி.ஆர்.3, 1959-ல் எம்.ஜி.ஏ. 1600, 1961-ல் ஜாகுவார் ஈ-டைப் என்று டிஸ்க் பிரேக் சாமானிய வாடிக்கைக்காரர்களின் கைக்கு வந்தது.

பிடிப்பதில் டிஸ்க் கெட்டிக்காரன். விடுவதில் அப்படிச் சொல்ல முடியாது. டிரம்மில் பலமான ஸ்பிரிங் உண்டு. பெரும்பாலான டிஸ்க் பிரேக்குகளில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அழுத்தும்போது சற்றே வளைந்து, விட்டதும் நிமிர்கிறது. அந்த நிமிர்வுதான் பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. பழைய ஈ-டைப்பில் இதற்கென்றே ஒரு சிறு ஊசி வைத்திருந்தார்கள். இவ்வளவு மெல்லிய உபாயத்தைக் கெடுக்கத் துருவே போதும். பிரேக் திரவமோ காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும் சுபாவமுள்ளது. அந்த ஈரந்தான் துருவுக்குத் தாய்.

எனவே வைத்தியத்தின் முதல் விதி, திருடன் வீட்டுக்குள் இருக்கும்போதே கதவைச் சாத்துவது. வண்டி இழுக்கிறபோதே நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எல்லாச் சக்கரங்களும் பிடித்திருந்தால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல். முதலில் பெடலைப் பார்க்கவேண்டும். தடித்த புதுக் கம்பளம் அதைத் தடுத்தாலும், பிரேக் விளக்கின் சுவிட்சை ஒரு நூல் தள்ளிப் பொருத்தியிருந்தாலும், தள்ளுகோலின் நீளத்தைத் திருகி அதிகமாக்கியிருந்தாலும் பிஸ்டன் துவாரத்தை விட்டு விலகாது. இதைப் பாராமல் நான்கு சக்கரங்களிலும் புதுச் சாமான் போட்டுச் செலவழித்தவர்கள் உண்டு. துவாரமே அடைத்திருந்தால் சிலிண்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். கம்பியை விட்டுக் குடைந்தால் ஓரத்தில் பிசிறு கிளம்பி ரப்பரை அறுத்துவிடும்.

ஒரே சக்கரம் மட்டும் பிடித்திருந்தால், அங்கே காற்றை வெளியேற்ற வைத்திருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். திரவம் பீச்சியடித்துச் சக்கரம் விட்டுவிட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று அர்த்தம். விடாவிட்டால் பிஸ்டன் துருவில் இறுகியிருக்கிறது. பின்சக்கரமானால் கை பிரேக்கின் கம்பியாகவும் இருக்கலாம். சிறைப்பட்ட அழுத்தத்துக்கு, வெளியே பளபளவென்று இருக்கும் ரப்பர்க் குழாய்தான் பெரும்பாலும் குற்றவாளி. உள்ளே ஊதிப்போய் வழி குறுகியிருக்கும். காலின் பலம் திரவத்தை அந்தச் சந்தின் வழியே தள்ளிவிடும். திரும்பி வருவதற்குத்தான் பலம் கிடையாது. தவறான எண்ணெயை ஊற்றினாலும் ரப்பர் இப்படி ஊதும். ஸிட்ரோவன் கம்பெனி தன் டி.எஸ். கார்களின் சிவப்புத் திரவத்தை 1966-ல் பச்சைக்கு மாற்றியது. நிறம் பாராமல் ஊற்றினால் ரப்பர் முழுவதும் நாசமாகிவிடும்.

இதையெல்லாம் வேலை மெனக்கெட்டு எழுதுவானேன் என்றால், முன்னே ஆபத்து என்றேனே, அதற்காகத்தான். விடாத பிரேக் சூடாகிக்கொண்டே போகும். டாட் 3 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் குடித்துப் பழசாகிவிட்டால் 140 டிகிரியே போதும். கொதித்த இடத்தில் ஆவி நிற்கும். திரவத்தை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். அடுத்த வளைவில் ஓட்டுகிறவர் பெடலை மிதிக்கிறார். இத்தனை நேரம் கல்லாக இருந்த பெடல் தரை வரைக்கும் போகிறது. பத்து மைலாக விட மறுத்த அதே பிரேக் இப்போது பிடிக்க மறுக்கிறது. வண்டி நகரவே சிரமப்படுகிறது, நல்லதுதானே என்று மேலே ஓட்டிப் போனவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே இழுக்கிற வண்டியில் வீடு போய்ச் சேர நினைக்கக் கூடாது. ஆறவிட்டு இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே மேல். பழுது பார்த்தானதும் பெடலை இரண்டு தடவை மிதித்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். சர் சர் என்று மெல்லிய உரசல் கேட்கும். டிஸ்க் பிரேக்கில் அந்தச் சத்தம் இருக்கத்தான் இருக்கும். அதைக் கேட்டுப் பயந்து மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றிப் போட வேண்டாம்.