பாதி எழுதப்பட்ட பாடத்திட்டம்

1989-இல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்திலிருந்து விக்டோரியா பல்கலைக்கழகத்துக்கு ஒரு கோரிக்கை வந்தது. அனுப்பியது மெடோ லேக் பழங்குடிக் கவுன்சில். அதன் நிர்வாகியாக இருந்தவர் ரே அஹெனாக்யூ. இந்தப் பக்கம் அதை வாங்கிக்கொண்டவர் குழந்தை நலத்துறைப் பேராசிரியர் ஆலன் பென்ஸ். எங்கள் ஊர்களில் குழந்தைகள் மையம் தொடங்கப்போகிறோம், அதில் வேலை செய்ய எங்கள் ஆட்களுக்கே பயிற்சி வேண்டும் என்பதுதான் கேட்டது. நம்மூர் பால்வாடி ஆயாவுக்கும் டீச்சருக்கும் கொடுக்கிற பயிற்சி மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. தயார் நிலையில் இருக்கிற பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து இறக்க வேண்டாம், எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்ததும் பாடத்தில் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையின் கனம் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கனடாவில் பழங்குடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் போட்டு வளர்ப்பது நூறு வருடத்துக்கும் மேலாக அரசின் கொள்கையாக இருந்தது. 1920-இல் சட்டத்தைத் திருத்தி, 7 வயதிலிருந்து 15 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கட்டாயமாக அனுப்ப வைத்தார்கள். பள்ளிகளை நடத்தியவை பெரும்பாலும் தேவாலயங்கள். தாய்மொழி பேசினால் அடி. மொத்தத்தில் சுமார் 1,50,000 குழந்தைகள் இந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள் என்பது கணக்கு. மெடோ லேக் கவுன்சிலின் ஊர்களுக்கு அருகில் போவால் என்ற இடத்தில் அப்படி ஒரு பள்ளி இருந்தது. 1927-இல் அது தீப்பிடித்து எரிந்தபோது 19 சிறுவர்களும் ஒரு கன்னியாஸ்திரீயும் இறந்தார்கள்.

மொழி போனது, மதம் போனது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் இன்னொன்றும் போனது, அது சட்டென்று கண்ணில் படுவதில்லை. ஏழு வயதில் விடுதிக்குப் போன பெண், தன் அம்மா அடுத்த குழந்தையை எப்படித் தூக்கினாள், எப்படித் தூங்க வைத்தாள், அடம்பிடித்தபோது என்ன செய்தாள் என்று பார்க்கவில்லை. பாட்டி கதை சொல்லி அவள் கேட்கவில்லை. பிள்ளை வளர்ப்பை யாரும் உட்கார்ந்து கற்பதில்லை, கூட இருந்து பார்த்துத்தான் வருகிறது. இரண்டு மூன்று தலைமுறைக்கு அந்தப் பார்வையே அறுந்துபோயிற்று. அதற்குப் பிறகு 1960களில் குழந்தைநல அதிகாரிகள் வந்து, இவர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று சொல்லி, ஆயிரக்கணக்கான குழந்தைகளை வெள்ளைக்கார வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தார்கள். கையை வெட்டிவிட்டு எழுதத் தெரியவில்லை என்று பெயிலாக்குவது மாதிரி.

ஆகவே ‘குழந்தைகள் மையம்’ என்ற சொல்லே அந்த ஊர்களில் வெறும் நல்ல சொல் அல்ல. வெளியிலிருந்து வந்த ஒருவர் குழந்தையை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிற இடம். அதன் முந்தைய வடிவத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். யார் நடத்துகிறார்கள், அவர்கள் எங்கே, யாரிடம் படித்தார்கள் என்பது அங்கே முதல் கேள்வி.

பென்ஸும் கவுன்சிலும் சேர்ந்து உருவாக்கியதை ‘விளையும் பாடத்திட்டம்’ என்று தமிழில் சொல்லலாம். இரண்டு வருடப் படிப்பு, முடித்தால் டிப்ளமா. பல்கலைக்கழகம் குழந்தை வளர்ச்சி, விளையாட்டு, ஆரோக்கியம் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் தன் பங்கை எழுதியது. மீதியை வேண்டுமென்றே காலியாக விட்டது. அந்தக் காலியிடத்தை ஊர்ப் பெரியவர்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து நிரப்புவார்கள். வகுப்பும் மாணவிகளின் வட்டாரத்திலேயே நடந்தது. விக்டோரியா பசிபிக் கரையில் ஒரு தீவில் இருக்கிறது. மெடோ லேக் மலைகளைத் தாண்டி, சமவெளிக்கு வடக்கே காட்டோரம். பிள்ளைகுட்டியோடு இருக்கிற பெண்ணை அவ்வளவு தூரம் வரவழைத்திருந்தால் பலர் வந்தே இருக்க மாட்டார்கள், வந்தவர்களிலும் பலர் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள்.

‘பழங்குடிப் பார்வை’ என்று ஒருமையில் சொல்லிவிடுகிறோமே, அதுவும் அங்கே செல்லாது. கவுன்சிலில் ஒன்பது ஊர்ச் சமூகங்கள். அதில் ஐந்து கிரீ மக்களுடையவை, நான்கு டெனே மக்களுடையவை. இரண்டு மொழிகளும் ஒரே குடும்பத்தைக்கூடச் சேர்ந்தவை அல்ல. காலியிடத்தை ஒரு நிபுணர் மேஜையில் உட்கார்ந்து ‘பண்பாட்டு அத்தியாயம்’ எழுதி நிரப்பியிருந்தால் அது இருவருக்கும் பொய்யாகத்தான் இருந்திருக்கும்.

வகுப்பு எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்க ஒரு உதாரணம். வட காட்டு மக்களிடம் பாசிப்பை என்று ஒன்று உண்டு. சதுப்பு நிலத்துப் பாசியைப் பறித்து உலர்த்தி, பையில் அடைத்து, அதற்குள் குழந்தையை வைத்து முன்பக்கம் கயிறு கட்டிவிடுவார்கள். பாசி ஈரத்தை உறிஞ்சும், நனைந்தால் மாற்றிவிடலாம். கதகதப்பு, பாதுகாப்பு, வேலை செய்கிற அம்மாவின் பார்வையிலேயே குழந்தை. பாடப்புத்தகம் குழந்தை கைகாலை வீசி விளையாட வேண்டும் என்கிறது. கட்டி வைத்த குழந்தை சுற்றிலும் நடப்பதைப் பார்த்தே கற்கிறது என்று பாட்டி சொல்லக்கூடும். யார் சரி? இந்தப் பயிற்சியில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, உன் ஊரில், உன் மையத்தில் நீ என்ன செய்வாய் என்று மாணவியைத்தான் கேட்க வேண்டும். ஆசிரியருக்கு இது சுலபமாக இருந்திருக்காது. விடை கையில் இல்லாமல் வகுப்பில் நிற்பதற்கு யாரையும் பல்கலைக்கழகம் பழக்குவதில்லை.

பிறகு ஜெஸிகா பால் என்ற ஆய்வாளரும் சேர்ந்துகொள்ள, சஸ்காட்சுவானிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுமாகப் பத்துக் கூட்டணிகள் இதே முறையில் நடந்தன. சேர்ந்தவர்களில் சுமார் 77 சதவீதம் பேர் இரண்டு வருடத்தையும் முடித்தார்கள் என்றும், முடித்தவர்களில் 95 சதவீதம் பேர் சொந்தச் சமூகத்திலேயே இருந்தார்கள் என்றும் மதிப்பீடு சொன்னது. பழங்குடி மாணவர்கள் பாதியில் வெளியேறுவதே வழக்கமாக இருந்த நாட்டில் இது பெரிய விஷயம். என் கண்ணுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பெரியவர்களும் இளம் தாய்களும் வாரம் தவறாமல் ஓர் அறையில் உட்கார்ந்து பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட ஒரு சாக்கு கிடைத்தது. சாக்கின் பெயர் டிப்ளமா.

குறையும் சொல்ல வேண்டும். இந்த முறையைப் பிரதியெடுக்க முடியாது. எழுதிய நிரலை மறுபடி எழுதாதே என்று சொல்லித்தான் எங்களை வேலைக்கே பழக்கினார்கள்; இங்கேயோ ஒவ்வோர் ஊரிலும் முதலிலிருந்து எழுதுவதுதான் வேலையே. பெரியவர்களைத் தேடி அழைக்க வேண்டும், மொழிபெயர்க்க ஆள் வேண்டும், ஒவ்வொரு தடவையும் நிதி தேட வேண்டும்.

தவிர, அங்கே சான்றிதழ் பல்கலைக்கழகத்தின் கையில்தான் இருந்தது. சான்றிதழையும் நாங்களே கொடுப்போம் என்று சொன்னவர்கள் நியூசிலாந்தின் மாவோரிகள். 1867-இல் வந்த சட்டம் மாவோரிப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பாடமொழி ஆக்கியது. 1970களில் ரிச்சர்ட் பென்டன் நடத்திய கணக்கெடுப்பு, மாவோரி பேசி வளரும் குழந்தைகள் அருகிவிட்டதைக் காட்டியது. 1982-இல் வெலிங்டன் அருகே வைனுயிஓமாத்தாவில் முதல் கோஹங்கா ரேயோ திறந்தது. மொழிக்கூடு என்று பொருள். பாட்டி தாத்தாக்கள் மாவோரி மட்டும் பேசிப் பிள்ளைகளை வளர்ப்பார்கள், குடும்பங்களே நிர்வாகம். இரிதானா தாஃபிஃபிரங்கி முன்னின்று நடத்திய இந்த இயக்கத்தில், 1993-இல் 809 கூடுகளில் 14,514 குழந்தைகள் இருந்தார்கள்.

தங்கள் ஆசிரியர்களுக்காக அவர்கள் ஃபகபகாரி என்ற மூன்று வருடப் பயிற்சியை உருவாக்கினார்கள். மாவோரி மொழியில், கூட்டில் வேலை செய்துகொண்டே படிப்பது. அரசின் தகுதி ஆணையம் அதைத் தகுதியாக ஏற்றது. ஆனால் ஆசிரியராகப் பதிவு செய்ய அது போதாது என்றாகிவிட்டது. 2000களில் பதிவுபெற்ற ஆசிரியர்கள் நடத்தும் மையங்களுக்கு அதிக நிதி என்று கொள்கை மாறியபோது, கோஹங்காக்கள் ‘பெற்றோர் நடத்துபவை’ என்ற பெட்டிக்குள் விழுந்தன. சரளமாக மொழி பேசும் பாட்டிக்குக் குறைந்த மதிப்பு, மொழியே தெரியாத பட்டதாரிக்குக் கூடுதல் மதிப்பு. நிதி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் மையங்களும் பெருகும். 1993-இல் பாலர் கல்வியில் இருந்த மாவோரிக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் கோஹங்காவில் இருந்தார்கள். 2011-இல் கால்வாசிக்கும் கீழே.

2011-இல் அரசு அமைத்த பணிக்குழு ஒன்று கோஹங்காவைப் பற்றித் தங்களோடு சரியாகக் கலந்து பேசாமலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது என்று அதன் அறக்கட்டளை வைதாங்கி தீர்ப்பாயத்துக்குப் போனது. அவசர விசாரணையாக எடுத்துக்கொண்ட தீர்ப்பாயம் 2012-இல் அறிக்கை தந்தது. நிதி முறையும் விதிமுறைகளும் மொழியைக் கடத்தும் வேலைக்குப் பொருந்தவில்லை, அரசு ஒப்பந்தக் கடமையை மீறியிருக்கிறது, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. அரசின் தர அளவுகோலில் ஆசிரியரின் பட்டத்துக்கு இடம் இருந்தது. குழந்தை வீட்டுக்குப் போய் எந்த மொழியில் பேசுகிறது என்பதற்கு அதில் சரியான இடமே இல்லை.