தசை தளர்ந்த பின்: பயில்வான்களின் பிற்கால வரலாறு

உடற்பண்பாட்டின் வரலாறு பெரும்பாலும் உச்சநிலையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கோதாவில் வென்ற நாளும் பட்டம் பெற்ற ஆண்டும் மார்பை விரித்து நிற்கும் நிழற்படமும் ஆவணங்களில் இடம்பெறுகின்றன. பயிற்சி நின்று, புயம் மெலிந்து, பழைய சட்டை தொளதொளத்துப்போன ஆண்டுகள் இடம்பெறுவதில்லை. வீரரின் வாழ்நாளில் அவ்வாண்டுகளே நீண்டவை.

ஹைதராபாத்தின் பழைய நகரில் மல்யுத்தப் பயிற்சிக்கூடத்துக்குத் ‘தாலீம்’ என்று பெயர். தமிழில் வழங்கிய ‘தாலிம்கானா’வும் அச்சொல்வழி வந்ததே. சார்மினாருக்குத் தெற்கே உள்ள பார்க்காஸ், நிஜாமின் படையில் பணியாற்றிய ஹத்ரமவுத் அரபு வீரர்களின் குடியிருப்பு. ‘பாரக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லே இவ்வாறு திரிந்தது. இன்றும் அப்பகுதி பயில்வான்களுக்குப் பெயர்பெற்றது. பாரசீகத்தின் ‘பஹ்லவான்’ என்பதே நம் ‘பயில்வான்’. களத்தை விட்டு விலகிய பின்னும் அப்பட்டம் பெயரோடு ஒட்டிநிற்கும். தசை குறையும், பட்டம் குறையாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் முதிய பயில்வான் வாழ வேண்டியிருக்கிறது.

அவ்வுடல் தனிமனித உழைப்பால் மட்டும் உருவானதன்று. பாலும் நெய்யும் பாதாமும் நாள்தோறும் வேண்டும். சமஸ்தானங்களில் அச்செலவை அரசர்களும் பிரபுக்களும் ஏற்றனர். ஹைதராபாத்தில் 1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிந்தது. 1949-இல் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. நிலவுடைமைக் கொடுமைக்கு எதிரான அந்தச் சீர்திருத்தம் தேவையானதே. எனினும், பிரபுக்களின் மாளிகைகளை அண்டிப் பிழைத்தோரின் வாழ்வாதாரமும் அதனோடு சரிந்தது.

புரவலரை இழந்த உடலுக்கு என்ன நேரும் என்பதைக் காமாவின் வாழ்வு காட்டுகிறது. பாட்டியாலா மன்னரின் ஆதரவைப் பெற்றிருந்த அவர், 1928-இல் அந்நகரிலேயே போலந்து வீரர் ஸ்பிஷ்கோவை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அப்போது அவருக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. பிரிவினைக்குப் பின் லாகூரில் நோயோடும் வறுமையோடும் வாழ்ந்து, 1960-இல் மறைந்தார்.

உடலியல் இதனை எளிமையாக விளக்கும். பயிற்சி நின்றால் தசை இழைகள் மெலியும். தசை கொழுப்பாக மாறுவதில்லை; அவை வெவ்வேறு திசுக்கள். உழைப்பு நின்றபின்னும் பழைய அளவிலேயே உண்டால் கொழுப்பு சேரும். உணவே கிட்டாவிட்டால் தசை விரைந்து கரையும். முதுமையில் நேரும் தசையிழப்புக்குச் ‘சார்கோபீனியா’ என்று 1989-இல் இர்வின் ரோசன்பர்க் பெயரிட்டார். தர்பாரின் விருந்து மறைந்த ஹைதராபாத்துக்கே, 1958-இல் குன்னூரிலிருந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இடம்பெயர்ந்தது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப்படும் அது, 2020-இல் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதத்தைப் பரிந்துரைத்தது. அரசவையின் கொடையாக இருந்த ஊட்டம், குடிமகனுக்குரிய அளவுகோலாயிற்று.

ஆயினும், உடல் சிறுத்தோர் அனைவரும் காமாவைப் போல் நலிந்துவிடவில்லை. பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக்கூடத்தை நடத்திய கே. வி. ஐயர், 1930-இல் வெளியிட்ட நூலில் தம் உடலையே சிற்பம்போல் நிறுத்திக் காட்டியவர். பின்னாளில் நாடகத்துக்கும் கன்னட நாவலுக்கும் திரும்பி, ஹொய்சள அரசியைப் பற்றிய ‘சாந்தலா’வை எழுதினார். தமிழ்நாட்டில் சின்னப்பா தேவர் ‘சாண்டோ’ பட்டத்தோடே திரைப்படத் தயாரிப்பாளரானார். வங்காளத்தின் மனோகர் ஐச், 1952-இல் குள்ளமானோர் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் பெற்றவர். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. நூறு வயதை நெருங்கியபோது ஏற்பட்ட லேசான பக்கவாதத்துக்குப் பின் எடை தூக்குவதை நிறுத்தினார். ஆனால் பயிற்சிக்கூடத்துக்குச் செல்வதை நிறுத்தவில்லை. 2016-இல் மறையும்வரை ஆசானாகவே மதிக்கப்பட்டார்.

தசை எல்லோருக்கும் குறைந்தது. வேறுபட்டது, குறைந்த உடலுக்கு ஓர் இடம் இருந்ததா என்பதே. ஐயருக்கு மேடையும் ஐச்சுக்கு மாணவரும் இருந்தனர். மாளிகையை மட்டும் நம்பியிருந்தோருக்குப் பட்டம் மட்டுமே எஞ்சியது. நூறு வயதில் சுருங்கிய தோலோடு புயம் மடக்கிக் காட்டும் ஐச்சின் படம், 1952-இன் பட்டத்துக்கு ஈடான வரலாற்று ஆவணம். தாலீம்களின் வரலாற்றை எழுதுவோர் சுவரில் மாட்டிய இளமைப் படங்களோடு நின்றுவிடாமல், அவற்றின் கீழே அமர்ந்திருக்கும் முதியவர்களிடமும் கேட்டு எழுத வேண்டும்.