சாக்கரின் சர்ச்சையின் வரலாறு

சாக்கரின் என்பது ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட முதல் செயற்கை இனிப்பூட்டி ஆகும். இது சர்க்கரையைவிட ஏறத்தாழ 300 மடங்கு இனிப்புடையது. உடலில் சிதைவுறாமல் பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறிவிடுவதால் ஆற்றல் எதையும் தருவதில்லை. இதன் பாதுகாப்பு குறித்த விவாதம் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ நூறாண்டுகள் நீடித்தது.

கண்டுபிடிப்பு

1879ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஐரா ரெம்சனின் ஆய்வகத்தில் நிலக்கரித் தார்ச் சேர்மங்களை ஆராய்ந்துவந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், உணவருந்தும்போது தம் கையில் இனிப்புச் சுவை ஒட்டியிருப்பதை உணர்ந்தார். ஆய்வு முடிவுகள் இருவர் பெயரிலும் வெளியாயின. ஆனால் பின்னர் ஃபால்பெர்க் ரெம்சனைச் சேர்க்காமல் காப்புரிமை பெற்றார். இது ரெம்சனுக்கு நீங்காத மனக்கசப்பை ஏற்படுத்தியது.

முதல் எதிர்ப்பு

வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி, சாக்கரின் உடல்நலத்துக்குக் கேடு என்றும், சர்க்கரை என நம்பி உண்பவரை ஏமாற்றுவது என்றும் வாதிட்டார். மருத்துவர் அறிவுரைப்படி நாள்தோறும் அதை உட்கொண்டுவந்த அதிபர் தியோடர் ரூசுவெல்ட் இதைக் கேட்டுச் சினந்தார். பின்னர் அமைக்கப்பட்ட அறிவியலாளர் குழுவுக்கு ரெம்சனே தலைவரானார். சிறிய அளவு தீங்கற்றது என அக்குழு கூறியது. எனினும் ஊட்டமற்ற பொருள் சர்க்கரையின் இடத்தைப் பிடிப்பது உணவின் தரத்தைக் குறைக்கும் என்பதால், 1912இல் பொது உணவுப் பொருட்களில் அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. முதல் உலகப் போர்க்கால சர்க்கரைத் தட்டுப்பாடு அதை மீண்டும் பரவலாக்கியது.

1977ஆம் ஆண்டுத் தடை முயற்சி

விலங்குகளிலோ மனிதரிலோ புற்றுநோய் உண்டாக்கும் எந்தச் சேர்ப்புப் பொருளையும் உணவில் அனுமதிக்கக் கூடாது என 1958ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கூறியது. அதன் பின்னணியில் 1969இல் சைக்ளமேட் என்ற இனிப்பூட்டி தடை செய்யப்பட்டது. 1977இல் கனடாவில் நடந்த ஆய்வு, மிக அதிக அளவில் சாக்கரின் ஊட்டப்பட்ட ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்ததைக் காட்டியது. உணவு மருந்து நிர்வாகம் தடையை முன்மொழிந்தது.

அப்போது அந்நாட்டுச் சந்தையில் இருந்த ஒரே செயற்கை இனிப்பூட்டி சாக்கரின்தான். நீரிழிவு நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தாரும் கடுமையாக எதிர்த்தனர். நாடாளுமன்றம் தடையை ஒத்திவைத்து, எச்சரிக்கை வாசகத்தை மட்டும் கட்டாயமாக்கியது. எலியின் சிறுநீரில் உருவாகும் நுண்படிகங்களே கட்டிக்குக் காரணம் என்பதும், அந்நிகழ்வு மனிதருக்குப் பொருந்தாது என்பதும் பின்னர் தெரியவந்தன. 2000இல் எச்சரிக்கை வாசகம் நீக்கப்பட்டது.

சர்க்கரையின் நிலை

இக்காலத்தில் சர்க்கரை இத்தகைய சோதனைக்கு உள்ளாகவில்லை. இதய நோயில் அதன் பங்கைக் குறைத்துக் காட்டிய 1967ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றுக்குச் சர்க்கரைத் தொழில்துறை பணம் கொடுத்திருந்தது 2016இல் வெளிப்பட்டது. சேர்க்கப்படும் சர்க்கரை முதலியவற்றிலிருந்து பெறும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என 2015இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சர்க்கரையல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என 2023இல் அதே அமைப்பு அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. ஒன்றைக் குறைக்க மற்றொன்றைக் கூட்டுவதைவிட, குழந்தைப் பருவம் முதலே உணவில் இனிப்பைக் குறைப்பதே இவ்விரு பரிந்துரைகளின் பொதுவான சாரமாகும்.